இடிக்காரி படத்தின் ஒன்பதாவது பாட்டு

"டெமோல இருந்த உயிர் இதுல இல்லையே மேடம்," என்று இயக்குநர் நான்காவது முறையாகச் சொன்னபோது, என் கையில் இருந்த குச்சியை நான் அவர் மேல் வீசவில்லை. என் பெருந்தன்மைக்குச் சாட்சியாக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். வீட்டில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் டிரம்ஸ் வாசிக்கிறவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே இசைக்குழு. கிட்டார் என் வீட்டுக்காரர். பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார். ஆக மொத்தம் மூன்றே பேர், ஆனால் சத்தத்துக்கு முப்பது பேர். கார் நிறுத்துவதற்காகக் கட்டிய அறையின் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி ஒலிப்பதிவு அறையாக்கிவிட்டோம். கார் பாவம், வெயிலிலும் மழையிலும் தெருவில் கிடக்கிறது.

படத்தின் பெயர் 'இடிக்காரி'. லிப்ட் பழுது பார்க்கிற ஒருத்தி மேல் மின்னல் விழுந்து, அவளுக்கு அசாத்திய பலம் வந்து, ஊரைக் காப்பாற்றுகிற சூப்பர்ஹீரோ கதை. இந்த மாதிரிப் படத்துக்கு எல்லோரும் நூறு வயலினைக் கூட்டிவைத்து இழுப்பார்கள். எங்கள் இயக்குநருக்கோ ராக் மட்டும்தான் வேண்டும், அதுவும் ஒரே குழு வாசித்த ஒன்பது பாட்டு, படத்தோடு சேர்ந்து ஆல்பமாகவும் வர வேண்டும். அந்த ஒன்பதில் எட்டைச் சுளுவாக முடித்துவிட்டோம். மாட்டிக்கொண்டது ஒன்பதாவது, உச்சக்கட்டச் சண்டைக்கான பாட்டு. ஆல்பத்துக்கே அதுதான் முதுகெலும்பு.

எங்களுக்குள் இயக்குநருக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். எதைக் கேட்டாலும், "பிரமாதம், இன்னொண்ணு போலாமா?" என்பார். கத்தமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். கத்துகிறவரிடம் நானும் பதிலுக்குக் கத்திவிடுவேன். இப்படிக் கனிவாகப் பேசியே கழுத்தை அறுக்கிறவரை என்ன செய்வது?

அந்த டெமோ கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து மாதத்துக்கு முன்னால், இந்தப் பாட்டை மெட்டமைத்த கையோடு ஒரு ஒத்திகை பார்த்தோம். என் வீட்டுக்காரர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, நாங்கள் மூன்று பேரும் வாசித்ததை முழுசாக வீடியோ எடுத்து அனுப்பினார். இன்னொண்ணு அதைக் கேட்டுச் சொக்கிப்போய்விட்டார். அந்த ஒத்திகைப் பாட்டையே வைத்துச் சண்டைக் காட்சியை வெட்டி ஒட்டிவிட்டார்கள். சினிமாவில் இது வழக்கம்தான். தற்காலிகமாக ஒரு பாட்டை வைத்துக் காட்சியை அடுக்குவார்கள், பிறகு நல்ல பதிவு வந்ததும் மாற்றிக்கொள்வார்கள். இதில் ஒரே ஆபத்து, பத்து மாதம் ஒன்றையே கேட்ட காதுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

அந்த ஒத்திகைக்கும் இந்தப் பதிவுக்கும் நடுவில் என் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் கீறித் தைத்தார். மூன்று மாதம் குச்சியைத் தொடக் கூடாது என்றார், நானும் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் எட்டுப் பாட்டையும் வாசித்தேன். யாரும் ஒரு குறை சொல்லவில்லை. அந்த எட்டுக்கும் டெமோ கிடையாது.

"கை இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்று இன்னொண்ணு கேட்டார்.

"உங்க கை எப்படி இருக்கோ அப்படித்தான்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, செல்போனில் டெமோ வீடியோவை மறுபடியும் போட்டுக் காட்டினார். திரையில் நான். என் கை, என் குச்சி, என் பழைய பச்சைச் சட்டை. அந்தக் கை பறந்துகொண்டிருந்தது. பிறகு நாங்கள் சற்று முன் பதிவு செய்ததைப் போட்டார். அதே பாட்டு, அதே ஆட்கள், ஆனால் யாரோ ஈரத் துணியைப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. வேகம் குறைவு என்பது எனக்கே தெரிந்தது.

படங்களுக்கு வாசிக்கிறவர்கள் காதில் 'கிளிக்' மாட்டிக்கொள்வார்கள். டிக் டிக் என்று இயந்திரம் வேகத்தைச் சொல்லும், அதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். நாங்கள் ஒருநாளும் மாட்டியதில்லை. "கிளிக் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று இருபத்திரண்டு வருடமாக நான் அடித்த சவடால் அது. கிளிக் இருந்திருந்தால் டெமோவை எந்த வேகத்தில் வாசித்தோம் என்று எண்ணாகவே எழுதிவைத்திருப்போம். இப்போது கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் இன்னொண்ணு. "வெள்ளிக்கிழமை எடிட் ரூமுக்கு ஒரு டிரம்மர் வர்றார். காட்சியைப் பார்த்துட்டுப் போய் வாசிப்பார். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும். ஆல்பத்துல மத்த எட்டும் உங்க கைதான்."

நாத்தனார் தண்ணீர் குடித்தாள். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சுற்றிவைத்த ஒயரைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

இன்னொண்ணு போன பிறகு என் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். "ஒரு பாட்டுதானே? விட்டுடேன். கையும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

"ஒரு பாட்டுதானேன்னா, உங்க கிட்டாரை அவர்கிட்ட குடுத்துட்டு வாங்களேன் பாப்போம்."

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்குறேன். நீங்க ஒயரைச் சுத்துங்க."

வாய்தான் இப்படிப் பேசியது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது முறை இயக்குநர் வேண்டாம் என்றபோதே, யாருக்கும் தெரியாமல் செல்போனில் வேகம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு அளந்து பார்த்துவிட்டேன். டெமோ நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்தாறு அடி. நாங்கள் பதிவு செய்ததெல்லாம் நூற்று ஐம்பது. நாலு தடவையும் நூற்று ஐம்பதுதான். என் மணிக்கட்டைக் கீறித் தைத்தபோது அந்த ஆறு அடியையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஆறு வாரமாக, வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, டெமோவை ஹெட்போனில் போட்டு அதனோடு சேர்ந்து வாசித்துப் பழகினேன். முதல் நிமிடம் ஓடும். இரண்டாவது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டால் ஓடும். மூன்றாவது நிமிடத்தில் மணிக்கட்டு கல்லாகிவிடும். பத்து மாதத்துக்கு முன்னால் நானே வாசித்தது, நானே வாசிப்பதைக் கண்ணாலும் பார்க்கிறேன், ஆனால் வரவில்லை. யாரிடம் போய் இதைச் சொல்வது? ஒரு டிரம்மருக்குத் தாளம் போய்விட்டது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது, வாய்தானே!

வியாழக்கிழமை காலையில் மனசு ஆறாமல் மாடிக்குப் போனேன். நாத்தனார் குடியிருப்பது மாடியில். என் வீட்டுக்காரரைப் பற்றித் திட்டவேண்டும் என்றால் அதற்கு அவளைவிடச் சிறந்த ஆள் கிடையாது, அவளும் கூடச் சேர்ந்து திட்டுவாள். கதவு திறந்திருந்தது. சமையல் மேடையில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க, தலையில் துண்டைப் போர்த்தி அதற்கு மேல் குனிந்திருந்தாள். பக்கத்தில் நாலைந்து மாத்திரை அட்டை, இரண்டு டாக்டர் சீட்டு.

"சளியா?" என்றேன்.

தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். "இல்ல அண்ணி. சும்மா."

"சும்மா யாராவது ஆவி பிடிப்பாங்களா? ரெண்டு டாக்டர் சீட்டு இருக்கு. என்கிட்டயே மறைக்கிறியா?"

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கர்ஜிக்கிறவள்! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"டெமோல நான் பாடினது இப்போ எனக்கே எட்டல அண்ணி. அந்த உச்சஸ்தாயி இடம் இருக்குல்ல, அந்த வீடியோவோட சேர்ந்து பாடினா தொண்டை கிழியுது. தனியாப் பாடினா நல்லாத்தான் வருது, ஆனா கொஞ்சம் கீழ வருது. குரல் இறங்கிடுச்சு அண்ணி. அவர் உயிர் இல்லைங்கிறது என்னைத்தான். நீங்க பாவம், உங்க கை மேல பழி போகுதேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"குழாய் விட்டுப் பாத்துட்டு, தொண்டை நல்லா இருக்குன்னார். நம்பிக்கை இல்லாம இன்னொருத்தர்கிட்ட போனேன். அவரும் அதையேதான் சொல்றார்."

முதலில் எனக்குத் தோன்றியது, ஐயோ, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயசாகிவிட்டதே என்றுதான். அடுத்த நொடி வேறொரு எண்ணம் வந்து மண்டையில் உட்கார்ந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனேன். என் வீட்டுக்காரர் மேசையில் டீயை வைத்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செல்போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. அந்த டெமோல உங்க கிட்டார் எப்படி இருக்கு?"

அவர் டீயைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இருபது வருடம் கூடக் குடித்தனம் பண்ணியவளுக்கு அது போதும்.

"கொஞ்சம் மேல இருக்கு," என்றார்.

"எவ்வளவு?"

"அரைச் சுருதிக்குக் கொஞ்சம் கம்மி. அன்னைக்கு டியூனர்ல பேட்டரி போயிருக்கும்னு நெனச்சேன். தப்பாச் சுருதி சேர்த்துட்டேன் போல. அந்தத் தப்புலதான் பாட்டு அவ்வளவு பளிச்சுன்னு இருந்துதோ என்னமோ."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசம்! வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"கிட்டார்காரனுக்குச் சுருதி சேர்க்கத் தெரியலன்னு எப்படிடி வெளிய சொல்றது? நீ வேற கை சரியில்லாம..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவரவர் குற்றத்தை அவரவர் இடுப்பில் முடிந்துகொண்டு, வெளியில் மார் தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நான் மேசையைத் தட்டினேன், டீ சிந்தியது.

"என் கை தளர்ந்தா தாளம் இறங்கும், சரி. இவ தொண்டை தளர்ந்தா குரல் இறங்கும், அதுவும் சரி. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் உடம்பு முடியலன்னா உங்க கிட்டார் கம்பி எதுக்குங்க இறங்கணும்? அதுக்கும் வயசாயிடுச்சா?"

"அப்போ?" என்றாள் நாத்தனார்.

"அப்போ நாம இறங்கல. அந்த வீடியோ ஏறியிருக்கு. நம்மகிட்ட இருக்கிற ஒரிஜினல் எங்க?"

இதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டிய இடம். ஒரிஜினல் எங்கள் பழைய மடிக்கணினியில், பரண் மேல் இருந்தது. பத்து மாதமாக யாரும் அதைத் திறக்கவில்லை. எடிட் ரூமிலிருந்து எடுத்து இன்னொண்ணு செல்போனுக்கு அனுப்பிய பிரதி கைக்குப் பக்கத்தில் இருந்ததால், எங்கள் பாட்டையே அவரிடமிருந்து வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம். மடிக்கணினியை இறக்கி, தூசி தட்டி, சார்ஜ் ஏற்றித் திறக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வாய்க்கு வந்தபடி திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பாட்டு ஓடியது. நான் ஆப்பை வைத்து அளந்தேன். நூற்று ஐம்பது. கிட்டார் சுத்தமாகச் சுருதியில் இருந்தது. நாத்தனார் கூடவே பாடிப் பார்த்தாள், உச்சஸ்தாயி சர்க்கரையாக ஏறியது. பாடி முடித்ததும் அந்த இரண்டு டாக்டர் சீட்டையும் கிழித்து எறிந்தாள். என் வீட்டுக்காரர், "டியூனரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு வாரமாக ஒரு பொய்யை விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கூப்பிடாமலே, மூன்று பேரும் எடிட் ரூமில் போய் நின்றோம். மூன்றாவது மாடி, ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை, மூன்று பெரிய மானிட்டர், ஒரு டப்பா பிஸ்கெட். எடிட்டர் எப்போதும் போல நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். இன்னொண்ணு பக்கத்தில் இருந்தார். சோபாவில் கையில் குச்சிப் பையோடு ஒருவர். அவர்தான் வெள்ளிக்கிழமை டிரம்மர் என்று சொல்லாமலே தெரிந்தது. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மரியாதையான ஆளாக வேறு இருந்து தொலைத்தார்.

"மேடம், நான் உங்களுக்கு போன் பண்ணலாம்னு..." என்று ஆரம்பித்தார் இன்னொண்ணு.

"அப்புறம் பண்ணுங்க. எடிட்டர் சார், இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க," என்று மடிக்கணினியை நீட்டினேன்.

எடிட்டர் எங்கள் ஒரிஜினலைப் போட்டார், பிறகு அவர்களிடம் இருந்த டெமோவைப் போட்டார். மறுபடி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு எதையோ க்ளிக் செய்து, எண்களைப் படித்துவிட்டு, மடக்கியிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"இதை எந்த கேமரால எடுத்தீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் சொன்னார். "நொடிக்கு இருபத்தி நாலு பிரேம்ல எடுத்திருக்கீங்க. நம்ம படம் இருபத்தஞ்சு பிரேம். உள்ள கொண்டுவரும்போது அதை மாத்தணும். நான் மாத்தல. அப்படியே போட்டுட்டேன். அதனால நீங்க ஒரு நொடியில வாசிச்சதும், அடுத்த நொடியிலேர்ந்து ஒரு பிரேமும் சேர்ந்து, இங்க ஒரே நொடியில ஓடுது. படமும் வேகம், சத்தமும் வேகம், சுருதியும் மேல." அவர் எழுந்து நின்றார். "தப்பு என்னுது மேடம். பத்து மாசமா என்னுது."

நேருக்கு நேராகத் தப்பை ஒப்புக்கொள்கிற ஆளை நான் என்னவென்று திட்டுவது? "உக்காருங்க," என்றேன். "உக்காந்து இன்னொரு வேலை செய்யுங்க. எங்க ஒரிஜினலை இடது பக்க ஸ்பீக்கர்ல போடுங்க. இவர் வேணாம்னு சொன்ன மூணாவது பதிவை வலது பக்கம் போடுங்க. ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிங்க."

இடது பக்கம் அறுவைக்கு முன்னால் என் கை. வலது பக்கம் அறுவைக்குப் பின்னால் என் கை. இரண்டிலும் கிளிக் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாதம். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. முதல் நிமிடம் ஒரே ஆள் வாசிப்பது போல இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் ஓர் இடத்தில் தலைமுடி அளவு விலகி, தானாகவே வந்து ஒட்டிக்கொண்டன. மூன்றாவது நிமிடமும் போயிற்று. நாலு நிமிடம் பத்து நொடி. கடைசி அடி இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை டிரம்மர் மெதுவாக, "கிளிக் இல்லாமலா?" என்றார்.

"இல்லாமத்தான்," என்றாள் நாத்தனார், அவளே வாசித்த மாதிரி.

இன்னொண்ணு எழுந்து வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மனதாரத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி அவர் சொன்னதுதான் எனக்கு அடுத்த இடி.

"ஆனா மேடம், எனக்கு அந்த வேகம் பழகிடுச்சு. காட்சியும் அதுக்குத்தான் வெட்டியிருக்கு, நாலு நிமிஷத்துக்கு. இப்போ காரணம் தெரிஞ்சாச்சுல்ல? மூணாவது பதிவையும் அதே மாதிரி வேகமா ஓட்டிடலாமே?"

"ஓட்டுங்க," என்றாள் நாத்தனார். "ஆல்பம் வெளியாகிற அன்னைக்கு மேடையில யார் பாடுவாங்க? கம்ப்யூட்டரா? அது என் குரலே இல்ல சார். நான் அதை எட்டப் பாத்து ரெண்டு டாக்டரைப் பாத்தாச்சு."

"அப்போ அந்த வேகத்துக்கே மேடம் வாசிக்க முடியுமா?" என்று அவர் என்னைப் பார்த்தார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் என் வாயைப் பார்த்தார். இந்த வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். 'முடியும், எடுங்க குச்சியை' என்று வரும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வந்திருக்கிறது.

"முடியாது," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆறு வாரம் ஒளிஞ்சு ஒளிஞ்சு வாசிச்சுப் பாத்துட்டேன் சார். மூணாவது நிமிஷத்துல கை நின்னுடுது. அறுவை பண்ணினதால இல்ல. அதுக்கு முன்னாடியும் அந்த வேகத்துல இந்தப் பாட்டை நான் வாசிச்சதில்ல, இருபது வயசுலயும் வாசிச்சிருக்க மாட்டேன். இந்தப் பாட்டுக்கு என் வேகம் நூத்தி அம்பது. இப்போ கேட்டீங்கல்ல, இன்னைக்கும் அதேதான், அடிக்கு அடி அதேதான். வேணும்னா எடுத்துக்கோங்க. அந்த ஆறு அடிதான் வேணும்னா இவர் இருக்கார், நல்லா வாசிப்பார், நான் கோவிச்சுக்க மாட்டேன்." அப்புறம், உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதால், "கோவிச்சுக்குவேன். ஆனா சண்டைக்கு வரமாட்டேன்," என்றேன்.

இன்னொண்ணு வெள்ளிக்கிழமை டிரம்மரைப் பார்த்தார்.

"என்னால முடியும் சார்," என்றார் அவர். "வேகம் பிரச்சினை இல்ல. ஆனா இவங்க வாசிக்கிறதுல அடிக்கு அடி நடுவுல ஒரு மூச்சு இருக்கு. ஆறு அடி கூட்டினா அந்த மூச்சு இருக்காது. நான் வாசிச்சாலும் இருக்காது."

எடிட்டர் தொண்டையைச் செருமினார். "சார், மூணாவது பதிவை அதோட சொந்த வேகத்துலயே காட்சிக்கு அடியில போட்டுப் பாக்கட்டுமா? பத்து நொடி படம் தேவைப்படும். நாம வெட்டித் தூக்கிப்போட்ட ஒரு ஷாட் இருக்கு. இடிக்காரி விழுந்து எழுந்திருக்கிறது."

கால் மணி நேரம் பிடித்தது. பிஸ்கெட் டப்பா சுற்றி வந்தது, நான் தொடவில்லை. பிறகு எடிட்டர் விளக்கை அணைத்தார்.

சண்டை நடக்கிறது. இடிக்காரியை ஒரு கட்டிடத்தோடு சேர்த்து இடித்துத் தள்ளுகிறார்கள். பழைய வெட்டில் அவள் விழுந்த அடுத்த நொடியே எழுந்து பாய்ந்துவிடுவாள். இப்போது பாயவில்லை. கிட்டார் அடங்குகிறது, பாட்டு அடங்குகிறது, என் டிரம்ஸ் மட்டும் கேட்கிறது. கல்லும் மண்ணுமாகக் கிடந்தவள் ஒரு முழங்காலை ஊன்றுகிறாள். கை வழுக்குகிறது. மறுபடி ஊன்றுகிறாள். பத்து நொடி. அவள் நிமிர்ந்து நின்றபோது நாத்தனாரின் குரல் உள்ளே வந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

விளக்கு போட்டதும் இன்னொண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுந்திருக்கிறது கஷ்டம்னு இப்போதான் தெரியுது," என்றார். "இது எந்தப் பதிவு? உயிர் இருக்கு."

"நீங்க மூணாவதா வேணாம்னு சொன்னது," என்றேன்.

"இதுதான் படத்துக்கு. இதுதான் ஆல்பத்துக்கு. இன்னொண்ணு வேணாம்," என்றார். நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். வெள்ளிக்கிழமை டிரம்மர் என்னிடம் கைகுலுக்கிவிட்டு, மேடைக் கச்சேரிக்கு முன் வரிசையில் ஒரு இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

படிக்கட்டில் இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். கையிலிருந்த மடிக்கணினியைக் கீழே வைத்தார். "நான் உன்னை நம்பல," என்றார். "கை போயிடுச்சுன்னே நெனச்சேன். அதைச் சொல்லாம ஓய்வு எடுன்னு பூசி மெழுகினேன். தப்பு."

அவரை விளாசுவதற்கு வார்த்தை தயாராகத்தான் இருந்தது. நேற்றுவரை சேர்த்துவைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"நானும்தாங்க நம்பல. உங்களை விட நான்தான் ரொம்ப நம்பல. வலிக்குது, இப்பவும் வலிக்குது. வாசிச்சு முடிச்சா ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியல. சொன்னா குச்சியைப் புடுங்கிடுவீங்கன்னு சொல்லல."

அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார். நானும் உட்கார்ந்தேன். வலது கையை நீட்டினேன். அறுவைத் தழும்பை அவர் அதுவரை தொட்டதில்லை, நான் தொடவிட்டதில்லை. இரண்டு கட்டை விரலாலும் மணிக்கட்டிலிருந்து மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தார். "இங்கயா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றேன்.